சரக்கை முந்திய சேதி

1997 ஜனவரி 14 காலை. வட கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் படகு கரையேறிய பதினொரு மீனவர்களிடம் சாளை மிஞ்சிப் போயிருந்தது. வாங்க ஆளில்லை. மறுநாள்வரை வைத்து விற்க வசதியும் இல்லை. கொட்ட வேண்டியதுதான். அதே நேரத்தில், 15 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கும் சோம்பாலா, கொயிலாண்டி கரைகளில் 27 பேர் காசை மடியில் வைத்துக்கொண்டு, மீன் கிடைக்காமல் வீடு திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பதினொருவருக்கும் அந்த இருபத்தேழு பேருக்கும் நடுவே கடல் இல்லை, மலை இல்லை. சேதிதான் இல்லை.

இந்தக் காட்சியைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களின் பதினைந்து கரைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2007இல் ஆய்வை வெளியிட்டார். அவர் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் செல்போன் கோபுரங்கள் மாவட்டம் மாவட்டமாக வந்தன. கடலோர நகரங்களை ஒட்டி அவை நின்றதால் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் எட்டியது. படகில் இருந்தபடியே நாலு கரைக்குப் போன் போட்டு, விலை கேட்டு, அதன் பிறகு படகைத் திருப்பினார்கள். முன்பு பிடிபட்டதில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வீணாகிக்கொண்டிருந்தது. அது ஏறக்குறைய அடியோடு நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது. வாங்குகிறவர் கொடுத்த விலை 4 சதவீதம் இறங்கியது. விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம் என்றால் நஷ்டப்பட்டது யார் என்று கேட்கத் தோன்றும். யாரும் இல்லை. கொட்டிக்கொண்டிருந்த மீன்தான் இரண்டு பக்கமும் பங்கு போயிற்று.

வடகரையை விட்டு இப்போது கேரளத்தின் தென் கோடிக்கு வருவோம். பனச்சமூடு. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லை ஊர்களில் ஒன்று. மூடு என்றால் மரத்தடி. இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பாதி ஏதோ ஒரு மரத்தின் நிழலில்தான் நிற்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களான அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. நிர்வாகம் இரண்டாயிற்று. கல்யாணமும் சந்தையும் கடனும் அப்படிப் பிரியவில்லை. ஒரே தெருவில் இரண்டு மொழியில் பெயர்ப்பலகை, ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி, மரச்சீனிக் கிழங்குக்கும் ஏத்தன் பழத்துக்கும் ஒரே பேரம்.

இங்கே ஒரு பலசரக்குக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான், கேரளப் பக்கத்தில். கடைக்காரரை அண்ணன் என்போம். திருவனந்தபுரத்து மலையாளத்திலும் அண்ணன் அண்ணன்தான், ஆகவே எல்லைத் தகராறு வராது. பற்று நோட்டும் கல்லாப் பெட்டியுமாக நாற்பது வருஷம் ஓடிய கடை. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எந்தத் தேதியில் பாக்கி தீர்ப்பார், எந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருவார் என்பதெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். முன்னால் நிற்கிற வாடிக்கையாளரைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதருக்கு, முதுகுக்குப் பின்னால் இருக்கிற சரக்கைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். சரக்கு எங்கே கிடக்கிறது, எப்போது வரும், வருமா வராதா என்பதெல்லாம் லைன் வண்டியில் வருகிற சேல்ஸ்மேன் வாயைத் திறந்தால்தான் உண்டு. தொழில்நுட்பம் சின்னக் கடைக்கு என்ன செய்தது என்று கேட்டால் பெரும்பாலோர் பில் போடும் வேகத்தைச் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். கடைக்காரரின் முதுகுப் பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்ததுதான் விஷயம்.

அந்த ஜன்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கடையில் வாரம் 100 பாக்கெட் தேங்காயெண்ணெய் போகிறது. அவர் எப்போதும் இரண்டு வாரச் சரக்கு, அதாவது 200 பாக்கெட், கையிருப்பில் வைத்துக்கொள்வார். 100 விற்றால் மீதி 100. இன்னும் 100 ஆர்டர் போடுவார். அவருக்குச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்டுக்கும் அதே பழக்கம், கம்பெனிக்கும் அதே பழக்கம். எளிமைக்காக, ஸ்டாக்கிஸ்டுக்கு இந்த ஒரு கடைதான், கம்பெனிக்கு இந்த ஒரு ஸ்டாக்கிஸ்ட்தான் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடத்திலும் நூறு, நூறு, நூறு. அமைதியாக ஓடுகிறது.

ஒரு வாரம் ஏதோ காரணத்தால் 110 பாக்கெட் விற்கிறது. பத்துப் பாக்கெட்தான் அதிகம். அண்ணனிடம் மீதி 90. வாரம் 110 போகிறதென்றால் இரண்டு வாரத்துக்கு 220 வேண்டுமே. ஆகவே 130 ஆர்டர். ஸ்டாக்கிஸ்டுக்கு அந்த 110 தெரியாது. அவர் கண்ணில் படுவது 130 மட்டும். 200இல் 130 போனால் மீதி 70. இரண்டு வாரத்துக்கு 260 வேண்டும் என்று நினைத்து 190 ஆர்டர் போடுகிறார். கம்பெனி 190ஐப் பார்க்கிறது. மீதி 10, வேண்டியது 380, ஆகவே 370 பாக்கெட் தயாரிக்கச் சொல்கிறது. கடையில் பத்து சதவீதம் கூடியது. ஆலையில் அது 270 சதவீதமாகிவிட்டது.

அடுத்த வாரம் விற்பனை பழையபடி 100. அண்ணனிடம் 220இல் 120 மீதி; 80 போதும் என்கிறார். ஸ்டாக்கிஸ்டிடம் 260இல் 80 போக 180 இருக்கிறது. வாரம் 80தான் போகிறது என்ற கணக்கில் அவருக்கு வேண்டியது 160. ஆகவே ஆர்டரே இல்லை. போன வாரம் இரவு பகலாக ஓடிய ஆலைக்கு இந்த வாரம் பூஜ்யம். இதில் யாரும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் இருந்து பார்த்தால் நியாயமாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பல மடங்கு வீசுகிறதே, அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் 1958இலேயே இதை விளக்கிக் காட்டினார். பிறகு குழந்தைகளுக்கான டயப்பர் செய்யும் கம்பெனிக்காரர்களே தங்களுக்கு வரும் ஆர்டர்களைப் பார்த்துத் திகைத்தார்கள். குழந்தைகள் வாரத்துக்கு வாரம் ஒரே சீராகத்தான் நனைக்கின்றன; விநியோகஸ்தர்களின் ஆர்டர் மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது.

இப்போது அதே கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். கடையில் விற்றது 110 என்பது ஸ்டாக்கிஸ்டுக்கும் கம்பெனிக்கும் அன்றைக்கே தெரிகிறது. அண்ணன் முன்போலவே 130 கேட்கிறார். ஸ்டாக்கிஸ்டிடம் 70 மீதி. ஆனால் அவர் 130ஐ வைத்துக் கணக்குப் போடாமல், உண்மையான விற்பனையான 110ஐ வைத்து 220 போதும் என்று 150 கேட்கிறார். கம்பெனி அதே முறையில் 170 தயாரிக்கிறது. 370 அல்ல, 170. சாட்டை முழுக்க அடங்கவில்லை. ஆனால் படிக்குப் படி பெருக்கிக்கொண்டு போனது இப்போது படிக்குப் படி இருபது மட்டும் கூட்டிக்கொண்டு போகிறது.

இதில் அண்ணனுக்கு என்ன? ஆலையில் ஏற்ற இறக்கம் அடங்கினால் அவர் கேட்கும்போது சரக்கு இருக்கும், கேட்காதபோது தலையில் கட்டமாட்டார்கள். பனச்சமூட்டில் இது பெரிய விஷயம். ஓணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வேகம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தப் பக்கம் ஒரு வேகம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கமும். கம்பெனிகள் ஏரியாவைப் பெரும்பாலும் மாநில வாரியாகப் பிரித்துவிடுவதால், தெருவுக்கு இந்தப் பக்கக் கடைக்கு ஒரு ஸ்டாக்கிஸ்ட், எதிர்ப்பக்கக் கடைக்கு வேறொருவர். ஆனால் சாயங்காலம் கடைக்கு வருகிற கூட்டம் ஒன்றுதான். மாநிலச் சராசரியைப் பார்த்து அனுப்பப்படும் சரக்கு இங்கே எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். அண்ணன் கடையில் உண்மையில் என்ன விற்றது என்ற எண்தான் அதைச் சரிசெய்யும்.

அந்த எண்ணைச் சேகரிப்பது யார்? இதற்குத்தான் பார்கோடு.

பார்கோடு வேண்டுமென்று முதலில் கேட்டதே ஒரு சில்லறை வியாபாரிதான். 1948இல் பிலடெல்பியாவில் ஒரு மளிகைச் சங்கிலிக் கடையின் தலைவர் அங்குள்ள கல்லூரி முதல்வரிடம் போய், கல்லாவிலேயே சரக்கைப் படிக்கிற எந்திரம் செய்து தரமுடியுமா என்று கேட்டார். முதல்வர் அக்கறை காட்டவில்லை. காதில் விழுந்த மாணவர் பெர்னார்ட் சில்வர் நண்பர் நார்மன் உட்லேண்டிடம் சொன்னார். மயாமி கடற்கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்த உட்லேண்ட், சிறுவயதில் சாரணர் படையில் படித்த மோர்ஸ் எழுத்துகளின் புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்தார். மெல்லிய கோடு, தடித்த கோடு. அவ்வளவுதான். 1952இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கோட்டைப் படிக்க மலிவான லேசரும், படித்ததைப் புரிந்துகொள்ள மலிவான கணினியும் வரும்வரை அது காகிதத்திலேயே கிடந்தது. 1974 ஜூன் 26 அன்றுதான் ஓஹியோவில் ட்ராய் என்ற சிற்றூரின் சூப்பர் மார்க்கெட்டில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது. சூயிங்கம், 67 சென்ட்.

சோப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோடுகளுக்குக் கீழே பதின்மூன்று இலக்கம். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, அந்த எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை என்பது மட்டுமே பொருள். விலையும் அதில் இல்லை. கம்பெனி எது, அதன் சரக்கு எது என்பதுதான் இருக்கிறது. விலையை அந்தக் கடையின் கணினி தன் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்தது கடைசி இலக்கம். அது ஒரு காவல்காரன். 890123456789 என்ற பன்னிரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக ஒன்று விட்டு ஒன்றாக, ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 130 வரும். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாம் இலக்கம். 130 தானே பத்தின் மடங்கு என்பதால் இங்கே 0. கை தவறி ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் கூட்டுத்தொகை கண்டிப்பாகப் பிசகும், எந்திரம் ஏற்காது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 2ம் 7ம் போல ஐந்து வித்தியாசமுள்ள ஜோடி மட்டும் காவல்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிடும். ஒன்றும் மூன்றும் வைத்து இதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

ஸ்கேன் செய்த ஒவ்வொரு பொருளுக்கும் கணினியின் கையிருப்பிலிருந்து ஒன்று குறைகிறது. அதன் பிறகு கணக்கு எளிது. ஒரு பிஸ்கெட் தினம் சராசரியாக 15 பாக்கெட் போகிறது, லைன் வண்டி ஏழு நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றால் 105 பாக்கெட் வேண்டும்; கூட்டம் கூடினால் சமாளிக்க ஒரு முப்பது; கையிருப்பு 135க்குக் கீழே இறங்கியதும் திரையில் சிவப்பு. அண்ணன் இதை அனுபவத்தால் அறிந்துதான் இருந்தார், ஆனால் ஐம்பது சரக்குக்கு. ஆயிரம் சரக்குக்கு மனுஷ மூளை ஈடுகொடுக்காது. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்றுபோன சரக்கில் முடங்கிய பணத்தைக் கணினி காட்டியபோதுதான், லாபம் எங்கே போயிற்று என்று பல கடைக்காரர்களுக்குப் புரிந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அண்ணன் கடையைச் சுற்றிப் பார்த்தால் சிரிப்பு வரும். பாதிச் சரக்குக்குப் பார்கோடே கிடையாது. சாக்கு அரிசி, கொத்தாகத் தொங்கும் பழக்குலை, கிழங்கு, கருவாடு, நல்ல மிளகு, வாழையிலை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: தராசே ஒரு ஸ்டிக்கரை அச்சடிக்கும், அதில் உள்ள எண் 2இல் தொடங்கும். இரண்டில் தொடங்கும் எண்கள் அந்தந்தக் கடைக்குள் மட்டும் செல்லும் என்று உலகம் முழுக்க ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எடையையோ விலையையோ அந்த எண்ணுக்குள்ளேயே பொதிந்துவிடலாம். அண்ணன் கடையில் அந்தத் தராசு வரும்வரை பழக்குலைக்குக் கணக்கு கண்ணிலும் கையிலும்தான். தொழில்நுட்பம் பாக்கெட்டுக்குள் அடைபட்ட பொருளுக்கே முதலில் சேவகம் செய்கிறது. வட்டாரச் சரக்கைவிடக் கம்பெனிச் சரக்கை நிர்வகிப்பது எளிதானதும் கடைகளின் அலமாரி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். லாபக் கணக்கில் வராத ஒரு நஷ்டம் இது.

இன்னொரு ஓட்டை, காலாவதித் தேதி. கோட்டுப் பார்கோட்டுக்கு அது தெரியாது. நேற்று வந்த பாக்கெட்டும் எட்டு மாதம் முன்பு வந்த பாக்கெட்டும் அதற்கு ஒன்றேதான். ஆகவே பழையதை முன்னால் இழுத்து வைக்கிற வேலை இன்னும் கடைப் பையனுடையது. இதைத் தீர்க்கத்தான் கட்டக் குறியீடுகள். சரக்கின் எண்ணோடு பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் அவற்றில் அடைக்கலாம்; 2027 முடிவதற்குள் கல்லாவில் உள்ள ஸ்கேனர்கள் இவற்றையும் படிக்க வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. மருந்துக் கடைகளில் இது ஏற்கெனவே வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் அட்டையில், தயாரிப்பாளர், பேட்ச், காலாவதித் தேதி முதலியவை அடங்கிய குறியீடு கட்டாயம். போலி மருந்து கைக்கு வந்தால் முதலில் மாட்டுவது கடைக்காரர்தான் என்பதால் அவருக்கு இது லாபத்தை விடப் பெரிய காப்பு.

கட்டக் குறியீடு என்றதும் கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் கியூஆர் நினைவுக்கு வரும். பணம் வாங்கும் அட்டையாகத்தான் நமக்கு அது அறிமுகம். பிறந்தது வேறு இடத்தில். 1994இல் ஜப்பானில், டொயோட்டா கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் டென்சோ குழுமத்தில், மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் அதைச் செய்தார். ஒரு பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் அலுத்துப்போனார்கள் என்பதே காரணம். கோ என்ற ஆட்டப் பலகையின் கறுப்பு வெள்ளைக் காய்கள் யோசனை தந்தன. மூன்று மூலையிலும் ஒரு சதுரத்துக்குள் சதுரம் இருக்கிறதல்லவா? அதன் மையம் வழியாக எந்தக் கோணத்தில் கோடு போட்டாலும் கறுப்பு வெள்ளை அகலங்கள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். செய்தித்தாள், துண்டுச்சீட்டு, அட்டைப்பெட்டி என்று அச்சான காகிதங்களை எல்லாம் அலசி, மிக அரிதாக வரும் விகிதம் இதுதான் என்று கண்டுபிடித்து வைத்தார்கள். அதனால்தான் அட்டை தலைகீழாக இருந்தாலும் போன் உடனே அதை இனங்கண்டுகொள்கிறது. எண்ணெய்க் கை பட்டு ஓரிடம் மங்கினாலும் படிக்கிறது. சேதியைத் திரும்பத் திரும்ப எழுதாமல் கணிதமாகக் கோத்து வைத்திருப்பதால், மிக உயர்ந்த அளவில் செய்தால் 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீட்டுக்கொள்ளலாம். மளிகைக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு உண்டா?

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. 2020 தொடக்கத்திலிருந்து அதற்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று அரசு சொன்னது. 2023 ஆகஸ்டில் நாடெங்கும் ஒரு மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனை தாண்டியது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் காலம் போயிற்று. பணம் வந்துவிட்டது என்று போலித் திரையைக் காட்டி நழுவியவர்களுக்கு எதிராக, தொகையை உரக்கச் சொல்லும் பேசும் பெட்டி வந்தது. எல்லைக் கடையில் அந்தப் பெட்டி தமிழில் பேச வேண்டுமா மலையாளத்தில் பேச வேண்டுமா என்பது 1956ஐப் போல ஒரு தீர்மானம். நல்ல வேளையாகப் பொத்தானைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். இதன் பெரிய பலன் வேறு. பணமாக வந்து பணமாகப் போன வியாபாரத்துக்குச் சாட்சி கிடையாது. வங்கிக்குப் போனால் அண்ணன் வெறுங்கையர். இப்போது நாளுக்கு எத்தனை வரவு, எந்த மாதம் மந்தம் என்ற தடயம் கணக்கில் இருக்கிறது. ஓணச் சரக்கு எடுக்க இரண்டு மாதக் கடன் கேட்கும்போது அடமானம் வைக்க நிலம் இல்லாதவர் காட்டக்கூடியது அதுதான்.

அதே தடயம் மற்றவர்களுக்கும் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய கம்பெனிகள் இப்போது கடைக்காரர் கையிலேயே ஆர்டர் செயலியைக் கொடுத்துவிட்டன. சேல்ஸ்மேன் வராத நாளிலும் இரவு பதினொரு மணிக்கு ஆர்டர் போடலாம், எந்த ஸ்கீம் ஓடுகிறது என்று பார்க்கலாம், பக்கத்துக் கடைக்குக் கிடைத்த தள்ளுபடி நமக்கும் உண்டா என்று சரிபார்க்கலாம். முன்பு சேல்ஸ்மேன் மறைத்தால் மறைத்ததுதான். ஆனால் ஜன்னல் இரண்டு பக்கமும் கண்ணாடி. கடையில் என்ன ஓடுகிறது என்பது கம்பெனிக்குத் தெரிகிறது. எதை எங்கே தள்ளினால் அண்ணன் எடுப்பார் என்பதும் தெரிகிறது. நடுவில் இருந்த ஸ்டாக்கிஸ்ட் நெளிகிறார். ஆன்லைன் மொத்த வியாபாரிகளுக்குக் குறைந்த விலை, எங்களுக்கு அதிக விலையா என்று 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்து விநியோகஸ்தர்கள் ஒரு பெரிய கம்பெனியின் சில சரக்கை எடுக்க மறுத்துப் போராடினார்கள். அந்தச் சண்டையில் கடைக்காரருக்கு இப்போதைக்கு ஆதாயம். ஸ்டாக்கிஸ்ட் கடனுக்குத் தருவார், செயலி பெரும்பாலும் தராது. ஸ்டாக்கிஸ்டே இல்லாமல் போனால் அந்த ஆதாயம் என்ன ஆகும் என்று அண்ணன் யோசிக்காமல் இருக்கமாட்டார்.

எல்லைக் கடைக்கே உரிய கதை ஒன்று பாக்கி இருக்கிறது. வரி.

2017 ஜூலைக்கு முன் அமரவிளை சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றது இந்த வட்டாரத்தில் நடுவயதைத் தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜிஎஸ்டியோடு வணிகவரிச் சாவடிகள் போயின. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் இணையத்தில் இ-வே பில் எடுத்தால் போதும்; காகிதம் வரிசையில் நிற்பதற்குப் பதில் எண் முன்னாலேயே போய்விடுகிறது. பனச்சமூட்டுக் கடைக்கு இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று நடந்தது. முன்பு தமிழ்நாட்டுப் பக்கத்து மார்த்தாண்டத்தில் மொத்தக் கடையில் சரக்கு எடுத்தால் 2 சதவீத மத்திய விற்பனை வரி. அதைக் கழித்துக்கொள்ள வழியில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மொத்தக் கடை இருந்தும் மாநிலத்துக்குள் சுற்றிப்போய்ச் சரக்கு எடுப்பதே கணக்குக்குச் சரியாக இருந்தது. இன்று மாநிலம் தாண்டிய வரியையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரி தன் கணக்கைத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி அண்ணனின் கணக்கில் அது தானாக வந்து நிற்கும். அவர் தாக்கல் செய்யாவிட்டால் வராது. வரியைக் கொடுத்தவர் தவிக்க வேண்டியதுதான். சரக்கு தருகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு இதையும் இப்போது பார்க்கிறார்கள்.

கழித்துக்கொள்ளும் வசதியே வேண்டாம், கணக்கு எழுத முடியாது என்று விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டிவிட்டுப் போகும் இணக்கமுறையில் இருக்கும் கடைகள் ஏராளம். அந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு: வெளிமாநிலத்துக்கு விற்கக்கூடாது. கொச்சியில் இருக்கும் கடைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெளிமாநிலம் தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தால்? கடையில் வந்து வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அது கேரள விற்பனை. கடைப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிக் கொடுத்தால் அது மாநிலங்களுக்கு இடையேயான வணிகம்.

2023 அக்டோபர் 1 முதல் இதில் இன்னொரு நுணுக்கமும் சேர்ந்திருக்கிறது. பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கும்போது பில்லில் எந்த முகவரி எழுதியிருக்கிறதோ அதுவே விற்பனை நடந்த இடம். முழு முகவரிகூட வேண்டாம், மாநிலத்தின் பெயர் இருந்தாலே போதும். எதுவும் எழுதவில்லையென்றால் கடை இருக்கும் மாநிலம்.

எதிர்ப்பக்கத்து அம்மா ஒருவர் மிக்ஸி வாங்க வருகிறார். வாரண்டிக்கு பில் வேண்டும், விலாசத்தோடு எழுதிக் கொடுங்கள் என்கிறார். திரையில் மாநிலக் குறியீட்டுக்கான சின்னக் கட்டம். கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. மென்பொருள் 32 என்று தானாகவே நிரப்பி வைத்திருக்கிறது. அண்ணனின் விரல் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நிற்கிறது.